பாயில் படுக்கலாமா? பனைமரத்தடியில் நிற்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுக்குள் கட்டுவிரியன் வந்துவிடுகிறது. பினாயில், பூண்டுக் கரைசல் எல்லாம் தெளித்துப் பார்த்தாயிற்று. குழந்தைகள் தரையில் பாய் விரித்துத்தான் படுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பினாயிலுக்கும் பூண்டுக்கும் பாம்பு ஒதுங்காது. அந்தக் காசைச் சேர்த்துக் கொசுவலை வாங்குங்கள். கட்டுவிரியன் பகலில் சீண்டினால்கூடத் தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு கிடக்கும். இரவில்தான் பல்லி, எலி, சின்னப் பாம்புகளைத் தேடிச் சுவரோரமாக ஊர்ந்து வரும். தூங்குகிறவர் புரளும்போது கையோ காலோ மேலே பட்டால் கடித்துவிடும். வலையின் நான்கு ஓரங்களையும் பாய்க்கு அடியில் மடித்துச் செருகுங்கள். சும்மா தொங்கவிட்டால் பாம்பு ஓரத்தில் நுழைந்துவிடும். கட்டிலாக இருந்தால் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், போர்வை தரையில் புரளக் கூடாது. கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதையும் அடையுங்கள். விறகு, செங்கல் குவியலை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

இந்தக் கடியின் கொடுமை, அது தெரியாமலே போவதுதான். பல் மிகச் சிறியது. வீக்கமும் வலியும் பெரும்பாலும் இருக்காது. நள்ளிரவிலோ விடியற்காலையிலோ ஒருவர் வயிற்றுவலி என்று எழுந்து, இமை சரிந்து, பேச்சுக் குழறி, எச்சில் விழுங்க முடியாமல் தவித்தால், கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காமல் வண்டியை எடுங்கள். இந்த விஷம் நரம்பு முனைகளைத் தாக்குகிறது. முனை கெட்டபின் விஷமுறிவு மருந்தால் அதை உடனே மீட்க முடியாது. கெடாமல் தடுக்கத்தான் முடியும். அதனால்தான் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு. மூச்சு நின்றவர்கூடச் செயற்கை சுவாசக் கருவியில் சில நாள் தாங்கிவிட்டால் முழுதாகப் பிழைத்து எழலாம். விஷமுறிவு மருந்தோடு சுவாசக் கருவியும் இருக்கும் மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

வழியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கைகாலை மட்டையோ அட்டையோ வைத்து அசையாமல் பிடியுங்கள். நடக்க விடாதீர்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். ஏற்கெனவே யாராவது கட்டிவிட்டிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள், மருத்துவர் அவிழ்க்கட்டும். தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பாயக்கூடும். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டாம். இந்தியாவில் கொடுக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றே.

விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் என்ற பாம்பும் கட்டுவிரியனைப் போலவே உடம்பில் குறுக்கு வரிகளோடு இருக்கும். அதற்கு வரிகள் கழுத்தருகே அகலமாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் மங்கல், முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரிய அறுகோணங்கள். படத்தில் பார்த்துப் பழகுங்கள். இருட்டில் குனிந்து எண்ணாதீர்கள்.

கேள்வி: வயலில் நிற்கும்போது இடி இடித்தால் பனைமரத்தடியில் ஒதுங்குகிறோம். தனியாக நிற்பதைவிட அது பாதுகாப்பா?

பதில்: இல்லை. மரத்தில் விழும் மின்னல் பக்கத்தில் நிற்பவர்மேல் தாவும், வேர்வழியே தரையிலும் பரவும். மாடுகள் அதிகம் சாவது இதனால்தான்: முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், மின்சாரம் ஒன்றில் ஏறி இதயம் வழியாக மற்றதில் இறங்கிவிடும். மின்னலைப் பார்த்ததும் இடி கேட்கும்வரை எண்ணுங்கள். 3 வினாடிக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தூரம். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் சுவருள்ள வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். நாலு பக்கமும் திறந்த கொட்டகை உதவாது. கண்ணாடி ஏற்றிய கார் உதவும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. மூச்சு நின்றிருந்தால் தயங்காமல் நெஞ்சை அழுத்துங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.

கேள்வி: காட்டுப்பன்றிக்கு வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடலாமா? இரவு மட்டும்தான்.

பதில்: கூடவே கூடாது. சட்டப்படியும் குற்றம். அந்த மின்சாரம் தொடர்ந்து பாய்வதால் தசை இறுகிக் கை கம்பியை விடாது. தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரரும் அதில் சாவார். சோலார் வேலிக் கருவி வினாடிக்கு ஒருமுறை, அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் துடிப்பு விடும். வலிக்கும், விட்டுவிடும். பன்றிக்குத் தரையிலிருந்து 20–25 செ.மீ.யில் ஒரு கம்பி, 45–50 செ.மீ.யில் இன்னொன்று போடுங்கள். வேலி வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் முதலில் எர்த்தைப் பாருங்கள்: ஏறக்குறைய 2 மீட்டர் ஆழத்தில் மூன்று கம்பிகள், ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி வேண்டும். அடுத்தது புல். கீழ்க்கம்பியில் ஈரப்புல் பட்டால் துடிப்பெல்லாம் மண்ணில் இறங்கிவிடும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது அரிவாளோடு ஒரு சுற்று வாருங்கள்.