நான்கு சாக்கெட்டுக்காகக் காத்திருக்கலாமா?

வணக்கம் சார். ஆபீசுக்குப் புதிய டேட்டாபேஸ் சர்வர் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இன்டெல் ஜியானில் எட்டு சாக்கெட் வரை, அதாவது ஒரே சர்வரில் எட்டு பிராசஸர் வரை, போகலாம் என்கிறார்கள். ஏஎம்டி எபிக் இரண்டோடு நின்றுவிடுகிறது, பிராசஸருக்குத் துணையாக மதர்போர்டில் இருக்கும் தனி சிப்செட்டும் கிடையாது. இனி வருவதில் மாறுமா? காத்திருக்கலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

காத்திருக்க வேண்டாம். 2024இல் வந்த டூரின் தலைமுறை வரைக்கும் எபிக் இரண்டு சாக்கெட்தான்.

சிப்செட் இல்லாததைக் குறையாக நினைக்காதீர்கள். முன்பெல்லாம் மெமரியைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் மதர்போர்டில், நார்த்பிரிட்ஜ் என்ற சிப்செட் சிப்பில் இருந்தது. பிராசஸர்கள் ஒரே பஸ்ஸில் முட்டி மோதிக்கொண்டு மெமரியைக் கேட்டன. 2003இல் ஏஎம்டியின் ஆப்டெரான் பிராசஸர் அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. 2009இல் ஜியான் 5500 வரிசையும் அந்த வழிக்கு வந்தது. 2017இல் வந்த எபிக், டிஸ்க்கை இணைக்கும் சாட்டா முதல் யுஎஸ்பி வரை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

சாக்கெட் கதைதான் பெரிது. 2003 ஆப்டெரானில் 800 வரிசை எட்டு சாக்கெட் வரை போனது. எட்டும் சேர்ந்து எட்டே கோர் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் தனி அலகு)! 2019இல் வந்த எபிக் ரோமில் ஒரே சாக்கெட்டில் 64 கோர் இருக்கிறது.

இரண்டாவது சாக்கெட் சும்மா வருவதில்லை. முதல் தலைமுறை எபிக்கில் ஒரு பிராசஸருக்கு 128 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் (டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவற்றுக்கான டேட்டா பாதை). இரண்டு போட்டால் 256 கிடைக்காது. ஒவ்வொன்றும் 64 லேனை மற்றதோடு பேசுவதற்கே கொடுத்துவிடும். கைக்கு வருவது பழைய 128தான்.

மெமரியிலும் இதே கதை. ஒருமுறை இரண்டு சாக்கெட் மெஷின் ஒன்றில் மாத இறுதி ரிப்போர்ட் இழுத்துக்கொண்டே இருந்தது. நியூமா தூரத்தை, அதாவது ஒரு பிராசஸருக்கு மெமரி எவ்வளவு தொலைவு என்று சொல்லும் எண்ணைப், பார்த்தேன்: சொந்தப் பக்கம் 10, அடுத்த பக்கம் 21. டேட்டாபேஸ் ஓடியது ஒரு பக்கம், அதன் மெமரியில் பாதி மறுபக்கம். இரண்டையும் ஒரே பக்கத்தில் கட்டிப்போட்டேன். அப்புறம் ரிப்போர்ட் சிக்கவில்லை. அதிலிருந்து எந்த சர்வரிலும் நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டு எண்களைத்தான்.

எஸ்ஏபி ஹானா டேட்டாபேஸ் மாதிரி பல டெராபைட் டேட்டா முழுவதும் மெமரியிலேயே இருக்க வேண்டுமென்றால், எட்டு சாக்கெட் ஜியானுக்கு நியாயம் உண்டு. உங்களுடையது சாதாரண டேட்டாபேஸ் என்றால், ‘பி’ என்று முடியும் ஒற்றை சாக்கெட் எபிக் மாடல்களைப் பாருங்கள். ரோமிலேயே ஒரு சாக்கெட்டுக்கு 4 டெராபைட் மெமரி வரை போடலாம்.

டேட்டா எத்தனை ஜிபி, வருடத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்று எழுதுங்கள். சேர்ந்தே கணக்குப் போடுவோம்.