வேண்டாம் என்ற பிறகு

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ரயிலில் எதிர் இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். வேலை, குடும்பம் என்று கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டு, “செத்த பிறகு எங்கே போவோம் என்று யோசித்ததுண்டா?” என்று கேட்டு ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் திணித்தார். நான் நாத்திகனும் இல்லை, பெரிய பக்தனும் இல்லை. முன்பின் தெரியாத என்னை மாற்றி இவருக்கு என்ன ஆகப்போகிறது? இதற்கெல்லாம் பணம் கொடுக்கிறார்களாமே, உண்மையா? சட்டம் போட்டுத் தடுத்தால்தான் என்ன? உலகம் அழியும் என்று நம்பிய ஒரு குழு, அது அழியாமல் போன பிறகுதான் தீவிரமாகப் பிரசாரத்தில் இறங்கியது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியானால் உள்ளுக்குள் சந்தேகம் இருப்பவர்கள்தான் பிரசாரம் செய்கிறார்களா? இந்தப் படித்த முட்டாள்களை மனம் நோகாமல் தவிர்ப்பது எப்படி? என் தங்கையையும் இப்படித்தான் யாரோ பேசி மாற்றிவிட்டார்கள். ஒன்றரை வருடமாக அவளோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

எம்.

அன்புள்ள எம்.,

நீண்ட நாளாக இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் ஒரு சாக்கு. அதனால் உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பணத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் பையன்கள் 18 வயதில் கிளம்பி 2 வருடம் ஊழியம் செய்கிறார்கள். சம்பளம் கிடையாது, பெரும்பாலும் செலவே அவர்களுடையது, அல்லது வீட்டாருடையது. எந்த ஊருக்குப் போவது என்பதைக்கூடத் தலைமைதான் தீர்மானிக்கும். யெகோவாவின் சாட்சிகள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினர் வீடு வீடாக ஏறி இறங்குவதற்கும் கூலி இல்லை. பணம் புரளும் இடங்களே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் எதிரில் உட்கார்ந்த மனிதர் காசுக்காகத்தான் பேசினார் என்று நினைப்பது நமக்கு வசதி. அப்படி முடிவுகட்டிவிட்டால் அப்புறம் அவரைப் பற்றி யோசிக்க வேண்டிய வேலையே இல்லை பாருங்கள்.

சட்டம் பற்றி: 1948இன் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் 18ஆவது பிரிவில் மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒருவருக்கு மாற உரிமை உண்டென்றால் இன்னொருவர் வந்து தன் கட்சியைச் சொல்லவும் இடம் இருந்தாக வேண்டும். மிரட்டல், ஏமாற்று எல்லாம் வேறு கணக்கு. இதற்கு மேல் இதில் எனக்கு ஆர்வமில்லை.

அந்தக் காணொளி. லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1956இல் வெளியிட்ட ஆய்வு அது. 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும் என்று காத்திருந்த ஒரு சிறு குழு, வெள்ளம் வராமல் போனதும் பத்திரிகைகளைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தது என்பது கதை. கேட்கச் சுவாரசியமாக இருக்கிறது, அதனால்தான் எழுபது வருடமாக எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் குழுவுக்குள் ஆய்வாளர்களே பக்தர்களாக நடித்து நுழைந்திருந்தார்கள். அவ்வளவு சிறிய கூட்டத்தில் வேடதாரிகள் சிலர் இருந்தால் நடந்ததில் எது தானாக நடந்தது, எது இவர்களால் நடந்தது என்று யார் சொல்வது? இதற்காக அது கடுமையாக விமர்சிக்கப்பட்டிருக்கிறது. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு உலகத்தின் எல்லா ஊழியக்காரர்களையும் சந்தேகப் பிராணிகள் என்று அளக்கக் கிளம்பாதீர்கள்.

சரி, அவர்கள் ஏன் வருகிறார்கள்? முதலில், நம்பிக்கை இருந்தாலே அடுத்தவரை இழுக்கத் தோன்றும் என்பது பொய். யூதர்களின் ரபிகள் மாற வருகிறவரை உடனே அணைத்துக்கொள்வதில்லை, யோசித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிப் பார்ப்பதே அவர்கள் மரபு. மரபான பார்சிகள் வெளியாரைச் சேர்ப்பதில்லை. லெபனான், சிரியா பக்கம் வாழும் ட்ரூஸ் மதத்தினர் 11ஆம் நூற்றாண்டிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். இவர்களுக்கெல்லாம் நம்பிக்கை குறைவா என்ன? எங்கள் வழி எங்களுக்கு என்று நினைக்கும் மதம் ஊர் ஊராகப் போவதில்லை. இது எல்லாருக்குமான வழி என்று நினைக்கும் மதம் போகிறது, போகச் சொல்லிக் கட்டளையும் அதற்கு இருக்கிறது. புத்தர் தன் முதல் சீடர்களைப் பலருடைய நலனுக்காகப் புறப்படுங்கள் என்றுதான் அனுப்பினார். மத்தேயு சுவிசேஷம் சகல ஜாதிகளையும் சீஷராக்கச் சொல்லி முடிகிறது. குர்ஆன் ஞானத்தோடும் நல்லுரையோடும் இறைவனின் வழிக்கு அழைக்கச் சொல்கிறது (16:125), மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்றும் சொல்கிறது (2:256). பைபிளில் எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தில் ஒரு காவல்காரன் வருகிறான். பட்டயம், அதாவது எதிரியின் வாள், வருவதைப் பார்த்தும் எக்காளம் ஊதாமல் இருந்துவிட்டால், செத்தவனின் இரத்தப்பழி காவல்காரன் மேல். அந்த அதிகாரத்தைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்கு ரயிலில் எதிரே ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் உங்களிடம் பேசாமல் இறங்கிப் போயிருந்தால் அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வந்திருக்காது. முட்டாள் என்று எழுதுகிறீர்களே, அதற்கு முன் இதைப் படித்தீர்களா?

எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒரு சின்ன விஷயம் உண்டு. புத்தர் சொன்னது, இருவர் ஒரே வழியில் போகாதீர்கள் என்று. இயேசுவோ இரண்டிரண்டு பேராக அனுப்பினார் (மாற்கு 6:7). ஆளுக்கொரு திசையில் போனால் அதிக ஊர்களுக்குச் சேதி போய்ச் சேரும். கணக்குப்படி பார்த்தால் புத்தர் வழிதான் சிக்கனம். அப்புறம் ஏன் இன்றைக்கும் மார்மன் பையன்களும் சாட்சிகளும் ஜோடியாக வருகிறார்கள்? பாதுகாப்புக்கு, துணைக்கு, சாட்சிக்கு என்று காரணம் சொல்வார்கள், எல்லாம் சரிதான். ஆனால் நடப்பதைப் பாருங்கள். ஒருவர் வாசலில் நின்று பேசுகிறார், வீட்டுக்காரர் கொட்டாவி விடுகிறார், கடைசி வரை முழு கவனத்தோடு கேட்டுக்கொண்டிருப்பவர் பக்கத்தில் நிற்கும் கூட்டாளி. அடுத்த வாசலில் இவர் பேச அவர் கேட்கிறார். சாயங்காலம் ஆகும்போது ஊரில் ஒருவரும் மாறியிருக்க மாட்டார்கள், ஆனால் இந்த இருவரும் காலையில் இருந்ததைவிட உறுதியாக வீடு திரும்புவார்கள்.

இதுதான் என் கட்சி. இதை நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி அவர்களைச் சலிக்கவைத்திருக்கிறேன், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்நியரிடம் செய்யும் பிரசாரம் பெருமளவில் பிரசாரகர் மேலேயே வேலை செய்கிறது. யெகோவாவின் சாட்சிகளின் சாதாரண உறுப்பினர் 2023 அக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் எத்தனை மணி நேரம் ஊழியம் செய்தார் என்று அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. பிரசுரங்கள், மறு சந்திப்புகள், பைபிள் படிப்புகள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. எத்தனை பேர் மாறினார்கள் என்பதற்கு மட்டும் இடம் இல்லை. அந்த அறிக்கை அளந்தது ஊழியக்காரரின் உழைப்பைத்தான். முகத்தில் கதவைச் சாத்துகிறார்கள், கேலி செய்கிறார்கள், நாயை அவிழ்த்துவிடுகிறார்கள். இத்தனையும் பட்டுத் திரும்பிவருகிறவருக்குத் தன் சபையை விட்டால் யார் இருக்கிறார்கள்? லாரன்ஸ் இயனக்கோன் என்ற பொருளியலாளர் 1994இல் எழுதினார்: உறுப்பினர்களிடம் அதிகம் கேட்கும் சபைகள்தான் பலமாக நிற்கின்றன, ஏனென்றால் அரைமனதுக்காரர்கள் தாமாகவே கழன்றுகொள்கிறார்கள். ரயிலில் அந்நியரிடம் பேசுவது அப்படியொரு விலை. அதைக் கொடுத்தவர் உள்ளே ஆழமாகப் போய்விட்டார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அதற்கு உங்களால் ஆன உதவியைச் செய்தீர்கள்.

அப்படியானால் மாறுகிறவர்கள் எப்படித்தான் மாறுகிறார்கள்? 1960களில் ஜான் லோஃப்லண்ட், ராட்னி ஸ்டார்க் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்த, கொரியாவில் தோன்றிய மூன் சபையின் ஒரு சிறு குழுவைக் கூர்ந்து கவனித்தார்கள். மேடைப் பேச்சால், துண்டுப் பிரசுரத்தால் அநேகமாக யாரும் வரவில்லை. வந்தவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்த ஒருவரோடு நட்போ உறவோ ஆனவர்கள், வெளியே அவர்களைப் பிடித்து நிறுத்தும் பிணைப்புகள் மெலிந்திருந்தவர்கள். பின்னால் 1980இல் ஸ்டார்க் இன்னொருவரோடு சேர்ந்து மார்மன்களின் கணக்கு ஒன்றை வெளியிட்டார். கதவைத் தட்டினால் ஆயிரத்தில் ஒருவர், ஒரு மார்மன் நண்பரின் வீட்டில் வைத்துப் பேசினால் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. ஒரு வட்டாரத்தின் கணக்குதான், எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நமக்கு இது புதிதா? திருநாவுக்கரசரைச் சமணத்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்தது எந்தத் தர்க்கமும் இல்லை, சூலை நோயும் அக்கா திலகவதியும். சேக்கிழார் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

ஆக, ரயிலில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்தவர் அபாயமே இல்லாத ஆள். எதற்கு வந்தேன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்லிவிட்டார், பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். எனக்குப் பயம் இன்னொரு வகையைப் பார்த்து. நட்பே ஊழியத்துக்குச் சிறந்த வழி என்று சபைகளும் கண்டுபிடித்துவிட்டன, அதைப் பயிற்சியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு நண்பர் கிடைத்தார். என்னைவிட மூத்தவர். நான் எழுதியதையெல்லாம் பொறுமையாகப் படித்தார், காய்ச்சலில் கிடந்தபோது மருந்து வாங்கி வந்தார், யாரிடமும் சொல்லாதவற்றை அவரிடம் சொன்னேன். பல மாதம் கழித்து ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார். போனேன். மரியாதையாக உட்கார்ந்து கேட்டேன். வெளியே வந்து, இது எனக்கு ஒத்துவராது அண்ணா என்றேன். பரவாயில்லை தம்பி என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவர் என் அறைக்கு வரவில்லை. எதிரே பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் அவர் மேஜையில் திறந்து கிடந்த நோட்டில் என் பெயரைப் பார்த்தேன். பக்கத்தில் தேதிகள். காய்ச்சல் வந்த தேதியும் இருந்தது. கடைசியில் ஒரு கோடு இழுத்து அடித்திருந்தது.

அவர் கெட்டவர் இல்லை. என் ஆத்துமாவைப் பற்றி நிஜமாகவே கவலைப்பட்டிருப்பார், அந்தக் கோட்டை இழுக்கும்போது வருத்தமும் பட்டிருப்பார். ஆனால் எந்த மதத்துக்காரராக இருந்தாலும் சரி, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, அன்பை ஒரு காரியத்துக்கு வழியாக வைத்திருப்பவரை என்னால் மன்னிக்க முடிவதில்லை. இதில் நான் பிடிவாதக்காரன்.

இதற்கு நேர் எதிரான ஒருவரையும் சொல்ல வேண்டும். அம்மா கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு பெண்மணி படுக்கை படுக்கையாக வந்து ஜெபம் செய்வார். நோயாளியிடம் போய் இதைச் செய்கிறார்களே என்று எனக்கு எரிச்சல். படுத்திருக்கிற ஆள் எழுந்து போகவும் முடியாதே. இப்போதும் மருத்துவமனையில் அதைச் செய்யக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அம்மா அவரிடம், “நான் மாற மாட்டேம்மா, சும்மா உன் தொண்டையைக் காயவைக்காதே” என்று நேராகவே சொல்லிவிட்டாள். மறுநாளும் அவர் வந்தார். பையில் புத்தகம் இல்லை. அம்மாவின் நகத்தை வெட்டிவிட்டார், கால் பிடித்துவிட்டார், இரண்டு பேரும் மருமகள்களைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். அம்மா போகும்வரை வந்தார். அவருடைய கடவுளைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. அவரைப் பார்த்தால் இன்றைக்கும் எழுந்து நிற்பேன்.

மதம் பரப்ப வருகிற யாரையும் நான் அளப்பது இதை வைத்துத்தான்: நாம் வேண்டாம் என்று சொன்ன மறுநாள் அவர் என்ன செய்கிறார்?

இப்போது உங்கள் தங்கை. ரயில்காரரைப் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள், அவளுக்குக் கடைசியில் இரண்டே வரி. யாரோ பேசி மாற்றிவிட்டார்களாம். யாரும் ரயிலில் பேசி ஒரு பெண்ணை மாற்றிவிட முடியாது எம்., அதைத்தான் மேலே இவ்வளவு நேரம் சொன்னேன். அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது. அப்போது யாரோ ஒருவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அது யார், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், எனக்குத் தெரியாது. அவர் என் அம்மாவிடம் வந்தவரைப் போன்றவரா, என் நண்பரைப் போன்றவரா என்பதும் தெரியாது. இரண்டாவது வகையாக இருந்தால் அவளுக்கு உங்கள் தேவை இன்னும் அதிகம். ஆனால் அவள் உங்கள் வழி வேண்டாம் என்று சொன்ன மறுநாள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒன்றரை வருடம்! அந்த நோட்டுக்காரர்கூட எதிரே பார்த்தால் சிரித்தாரய்யா.

ரயிலில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், அவருக்கு அது பழக்கம். தங்கைக்கு இந்த வாரமே போன் போடுங்கள். முதல் தடவை எடுக்காமல் போகலாம், மறுபடி போடுங்கள். எடுத்தால் உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அவளாகச் சொன்னால் மற்றதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அன்புடன்