குதிரைப் பந்தயத்தில் மற்றவர்கள் கட்டும் பணத்தை வாங்கும் புக்கிகளை வைத்து ஒரு சிறு பட்ஜெட் நகைச்சுவைப் படம் எழுதுகிறேன். 1950களின் பிரிட்டனில் அவர்கள் எப்படித் தொழில் செய்தார்கள்?

உங்கள் கதைக்குக் கடிகாரப் பை ஒன்றே போதும். 1906ஆம் ஆண்டுச் சட்டம் தெருவில் பந்தயப் பணம் வாங்குவதைத் தடுத்தது. தொலைபேசியில் கடனுக்குக் கட்டிய வசதிக்காரரை அது தொடவே இல்லை. இந்த அநியாயம்தான் படத்தின் உயிராக இருக்க வேண்டும். தொழிலாளி துண்டுச் சீட்டில் குதிரையின் பெயரோடு தனக்கொரு புனைபெயரையும் எழுதி, காசை அதிலேயே மடித்து, மதுக்கடை வாசலில் நிற்கும் புக்கியின் ஆளிடம் கொடுப்பார். சீட்டுகள் தோலாலான அந்தக் கடிகாரப் பைக்குள் போகும். பூட்டியதும் பையிலுள்ள கடிகாரம் அந்த நேரத்தைப் பதிந்துகொள்ளும். பந்தயம் முடிந்தபின் ஜெயித்த குதிரைக்குச் சீட்டுச் செருக முடியாது. போலீசிடம் பிடிபடுவதற்கென்றே கூலிக்கு ஆள் நிறுத்தியதும் உண்டு! அந்தக் கூலியாளையே நாயகனாக்குங்கள். கதையை 1961 மே 1க்கு முன் முடித்துவிடுங்கள். அன்றுதான் பந்தயக் கடைகள் சட்டப்படி திறந்தன.