வலி மாத்திரையை விடும்போது உடம்பு படும் பாடு: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்வது மருந்தாளராகிய நான். இங்கே பேசுவது டிராமடால், டிஎஃப் 118 என்ற டைஹைட்ரோகோடீன், கோடீன், ஆக்ஸிகோடோன், மார்ஃபின் ஆகிய ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மாத்திரைகளைப் பற்றி மட்டும். பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் இந்த வகையில் சேராது. அவற்றை நிறுத்தினால் இப்படி ஆகாது.

கேள்வி: அக்கா, செம்பனைக் குலை வெட்டுகிறேன். இடுப்பு அடிபட்டதிலிருந்து எட்டு மாதமாக டிராமடால் 50 மி.கி., ஒரு நாளைக்கு ஆறு. வெள்ளிக்கிழமை ராத்திரியோடு மாத்திரை முடிந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்சு. ராத்திரி காலை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை. நான் போதைப் பித்தன் ஆகிவிட்டேனா?

பதில்: இல்லை தம்பி. சில வாரங்களுக்கு மேல் தினமும் சாப்பிடும் யாருக்கும் உடம்பு இந்த மருந்துக்குப் பழகிப்போகும். டாக்டர் சொன்ன அளவை மீறாமல் சாப்பிட்டவருக்கும் அப்படித்தான். மருந்து நரம்புகளை அமுக்கி வைத்திருந்தது. அதை ஈடுகட்ட மூளை, நரம்புகளை முடுக்கிவிடும் நோர்அட்ரீனலின் என்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கப் பழகிக்கொண்டது. மருந்து திடீரென்று நின்றால் அந்தக் கூடுதல் சுரப்பு மட்டும் மிஞ்சுகிறது. கொட்டாவி, வியர்வை, படபடப்பு, கண்மணி விரிவது எல்லாம் அதன் வேலை. குடலும் இத்தனை நாள் மந்தமாகக் கிடந்தது, இப்போது ஒரேயடியாக ஓடும், வயிற்றுப்போக்கு அதனால்தான். பித்து என்பது வேறு: கெடுதல் என்று தெரிந்தும் மருந்துக்காகவே அலைவது, மறைப்பது, அளவை ஏற்றிக்கொண்டே போவது.

வேகமாக வேலை செய்யும் மாத்திரைகளில் கடைசி வேளைக்குப் பிறகு 8 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். இரண்டாவது மூன்றாவது நாள்தான் உச்சம். 4 முதல் 10 நாளில் உடம்பு அடங்கும். தூக்கமும் மனச்சோர்வும் சரியாக இன்னும் சில வாரம் ஆகலாம்.

டிராமடாலில் இன்னொரு சங்கதி உண்டு. அது மனச்சோர்வு மருந்தைப் போலவும் கொஞ்சம் வேலை செய்கிறது. அதனால் சட்டென்று நிறுத்தினால் சிலருக்குக் கடும் பதற்றம், கைகால் சுரீரென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருப்பது, இல்லாதது கண்ணில் படுவது எல்லாம் வரும். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள், கிளினிக்கில் அதை அப்படியே சொல்லுங்கள். காலியான அட்டையையும் அப்பாயின்ட்மெண்ட் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே போங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு இருக்கிறது. கூட வேலை செய்பவரிடம் கடன் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: சரி அக்கா, டாக்டர் மறுபடி எழுதிக் கொடுத்தார். படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். எப்படிக் குறைப்பது?

பதில்: பொதுக் கணக்கு இது. சில வாரமோ சில மாதமோ சாப்பிட்டவர் வாரத்துக்குச் சுமார் 10 விழுக்காடு குறைக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர் மாதத்துக்கு 10 விழுக்காடு, அல்லது அதைவிட மெதுவாக. ஆனால் 50 மி.கி. காப்ஸ்யூலை வைத்துக்கொண்டு சரியாக 10 விழுக்காடு குறைக்க முடியாது. உங்களுக்கு நான் யோசிப்பது இது, டாக்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்: ஐந்தாக 2 வாரம், நான்காக 2 வாரம், மூன்றாக 3 வாரம், இரண்டாக 4 வாரம், ஒன்றாக 4 வாரம். மொத்தம் 15 வாரம்.

கடைசியில் ஏன் மெதுவாக என்று கேட்பீர்கள். ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கினால் 17 விழுக்காடுதான் குறைகிறது. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் பாதி போய்விடுகிறது. முதல் மாதம் சுலபமாகப் போனதும் தைரியம் வந்து, கடைசி மூன்றையும் ஒரே வாரத்தில் விட்டுவிட்டு அங்கேதான் பலர் விழுகிறார்கள். கடைசி ஒன்றை விடமுடியவில்லை என்றால், டிராமடால் 37.5 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை ஒன்று இருக்கிறது. அது நடுவில் ஒரு படியாக உதவும், டாக்டரிடம் கேளுங்கள். அதைச் சாப்பிடும் நாளில் வேறு பாராசிட்டமாலையும் சேர்த்து எண்ணுங்கள்.

முதலில் மத்தியான வேளையை எடுங்கள், இரவு வேளை கடைசியில் போகட்டும். காப்ஸ்யூலைத் திறந்து தூளைக் குத்துமதிப்பாகக் கொட்டக்கூடாது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைக்கவே கூடாது, நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் இன்றைக்கு எத்தனை என்று பென்சிலால் எழுதுங்கள். காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) போகுமுன்பே அன்றைய மாத்திரையை ஒரு டப்பாவில் எண்ணிப் போட்டுவிட்டு, மிச்சத்தை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு படி இறங்கி உடம்பு தாங்கவில்லையென்றால் அந்தப் படியிலேயே இன்னொரு வாரமோ இரண்டு வாரமோ நில்லுங்கள். நிற்பதில் தோல்வி எதுவும் இல்லை. மேலே ஏறுவதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். படி இறங்கிய முதல் மூன்று நாள் தலை கிறுகிறுக்கும், நீளக் கம்பு அரிவாளைத் தூக்க வேண்டாம். எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் அண்ணன் கோபத்தில் எல்லா மாத்திரையையும் டாய்லட்டில் கொட்டிவிட்டான். இன்றைக்கு மூன்றாம் நாள். பேதி நிற்கவில்லை, வாந்தியும் இருக்கிறது. வீட்டில் என்ன கொடுக்கலாம்?

பதில்: தண்ணீரும் உப்பும்தான் முதல் மருந்து. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எந்த ஃபார்மசியிலும் கிடைக்கும், அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீர், தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை. 100 பிளஸ் என்ற கடைப் பானம் போதாது. அதில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. வாந்தி எடுப்பவருக்குத் தம்ளரோடு கொடுக்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கரண்டி கொடுங்கள், தங்கும். உப்புப் போட்ட கஞ்சியும் நல்லது.

பேதிக்கு லோபரமைட் 2 மி.கி.: முதலில் 2, பிறகு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பின் 1. நீங்களாக வாங்கிக் கொடுப்பதானால் நாளைக்கு 4-ஐத் தாண்டாதீர்கள். டாக்டர் சொன்னால் 8 வரை போகலாம். ‘இதுவும் ஓபியாய்டு ஜாதிதானே’ என்று கைநிறைய விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். அது நெஞ்சுத் துடிப்பையே குலைத்து உயிரை எடுக்கும். மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் லோபரமைட் வேண்டாம். ஓபியாய்டை விடுவதால் மட்டும் கடும் காய்ச்சல் வராது. டெங்கியா என்று பார்க்கவேண்டும்.

உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு 8-க்கு மேல் கூடாது. குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் அதிலும் குறைய வேண்டும். கால் குடைச்சலுக்கு வெந்நீர்க் குளியல் நன்றாகவே கேட்கும், இரவில் இரண்டு தடவை குளித்தாலும் தப்பில்லை.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் மயக்கம், பேச்சு குழறுகிறது, நெஞ்சு வலிக்கிறது, வலிப்பு வந்தது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள், 999 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று அவர் சொன்னால் தனியே விடாதீர்கள். 15555 என்ற ஹீல் எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. முட்டி வலிக்கு இரண்டு வருடம் டிஎஃப் 118 சாப்பிட்டார். இப்போது குறைக்கிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: நிறைய கவனிக்க வேண்டும். நம்மவர் வீடுகளில் இனிப்பு நீர் இல்லாத வீடு குறைவு, அதனால் இதை எல்லாரும் படியுங்கள். வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றும்போது ரத்த அழுத்தத்துக்கான பெரிண்டோப்ரில், நீர் பிரிக்கும் மாத்திரை ஆகியவை சிறுநீரகத்தைப் பாதிக்கும், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும். அந்த இரண்டு மூன்று நாளுக்கு எதை நிறுத்திவைப்பது என்று கிளினிக்கில் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை திடீரென்று விழும். வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுபோல் இருப்பதால், ‘மருந்து விட்டதால்தான்’ என்று எண்ணிக் கோட்டைவிடுவார்கள். விரலில் குத்திப் பாருங்கள், 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் உடனே அரைத் தம்ளர் சர்க்கரை போட்ட பானம், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. கரைசலில் சர்க்கரை இருக்கிறதே என்று கொடுக்காமல் விடாதீர்கள். இரண்டு வருடம் சாப்பிட்டவர், மாதத்துக்கு ஒரு சிறு படி போதும். அவசரமே இல்லை.

கேள்வி: கெத்தும் (கிராதோம்) மரத்து இலைத் தண்ணீர் குடித்தால் ஒன்றும் தெரியாமல் விட்டுவிடலாம் என்கிறார்களே?

பதில்: தெரியாதுதான், ஏனென்றால் கெத்தும் இலையில் இருக்கும் மித்ராஜினைன் என்ற பொருளும் மூளையில் அதே ஓபியாய்டு வாசலில்தான் போய் உட்காருகிறது. ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறீர்கள், அதை விடும்போதும் இதே அவதி. ஒவ்வொரு பாட்டிலிலும் எவ்வளவு இருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. இருமல் மருந்தைக் கலந்தால் மூச்சு அடங்கும். 1952 நச்சுப் பொருள் சட்டத்திலும் மாட்டுவீர்கள்.

பெயரில்லாத ‘மூலிகை’ வலி உருண்டைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வாந்தி, தளர்ச்சி, ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் அந்த உருண்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: டாக்டர் குளோனிடின் கொடுத்தார். படபடப்பு குறைந்தது, ஆனால் எழுந்தால் கண் இருட்டுகிறது.

பதில்: அது நோர்அட்ரீனலினை அடக்கும் மருந்து, கூடவே ரத்த அழுத்தத்தையும் இறக்கும். ஒவ்வொரு வேளைக்கு முன்பும் அழுத்தம் பாருங்கள், மேல் எண் 90-க்குக் கீழே இருந்தால் அந்த வேளையை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். இதையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

கேள்வி: ராத்திரி தூக்கம் வரவில்லை. கொஞ்சம் சம்சு (மலிவுச் சாராயம்) போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. தூக்க மாத்திரையும் டாக்டர் சொல்லாமல் கூடாது. குறைந்த அளவு ஓபியாய்டோடு சேர்ந்தால்கூடத் தூக்கத்திலேயே மூச்சு நிற்கலாம். ஏற்கெனவே தினமும் குடிப்பவரானால் அதைத் திடீரென்று நிறுத்துவது இதைவிட ஆபத்து, வலிப்பு வரும். இரண்டையும் டாக்டரிடம் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: நான் மூன்று மாதக் கர்ப்பம். பிள்ளைக்காக நாளைக்கே நிறுத்திவிடவா?

பதில்: வேண்டாம்மா. திடீர் நிறுத்தம் கருவைத்தான் பாதிக்கும். சாப்பிட்டுக்கொண்டே இந்த வாரமே தாய்சேய் கிளினிக்கில் சொல்லுங்கள், அவர்கள் பாதுகாப்பாக மாற்றித் தருவார்கள். பிறந்த பிள்ளையைச் சில நாள் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் டாக்டர் கொடுத்ததோடு நிற்காமல் வெளியிலும் வாங்குகிறார். மூன்று தடவை குறைக்கப் பார்த்தோம், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இனி என்ன வழி?

பதில்: அம்மா, இது மனவுறுதி குறைந்ததால் வந்தது இல்லை. இவருக்குக் குறைக்கும் அட்டவணை போதாது, மாற்று மருந்து வேண்டும். மெத்தடோன் சிகிச்சையை நம் அரசாங்கம் 2005-இல் தொடங்கியது, இப்போது பல அரசாங்கக் கிளினிக்குகளில் இருக்கிறது. தினமும் ஒரு தடவை, மருந்தாளர் கண்முன் குடிக்கும் தண்ணீர் மருந்து. சில நாள் அளவு பார்த்து மெதுவாக ஏற்றுவார்கள், உடம்பு நிலைக்கு வந்ததும் வேலைக்குப் போகலாம். நிலையான பிறகு சில வேளைகளை வீட்டுக்கு எடுத்துப்போகவும் விடுவார்கள். வெளிநோயாளிக் கட்டணம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்).

இன்னொன்று நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின். அதில் ஒரு நுணுக்கம். வேறு ஓபியாய்டு உடம்பில் மிச்சமிருக்கும்போது வைத்தால், அதைப் பிடுங்கித் தள்ளிவிட்டு இது உட்காரும், அரை மணியில் அவதி பத்து மடங்காகத் தெரியும். அதனால் கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரம் பொறுத்து, அறிகுறி நன்றாகத் தெரிந்த பின்தான் தொடங்குவார்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டால் பொய் சொல்லவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: வேலை இடத்தில் சிறுநீர்ச் சோதனை வந்தால்?

பதில்: கோடீனின் ஒரு பகுதி உடம்பில் மார்ஃபினாக மாறும், சோதனையில் தெரியும். மருந்துச் சீட்டின் நகலைப் பையில் வைத்திருங்கள், சோதனைக்கு முன்பே காட்டுங்கள்.

கேள்வி: விட்டு இரண்டு மாதம் ஆகிறது. இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. அலமாரியில் பழைய அட்டை ஒன்று இருக்கிறது, பழைய அளவிலேயே போடலாமா?

பதில்: போடவே போடாதீர்கள். உடம்பு அந்தப் பழைய அளவை மறந்துவிட்டது. அன்றைக்குச் சாதாரணமாக இருந்த அளவு இன்றைக்கு மூச்சை நிறுத்தலாம். விட்டவர்கள் இறப்பது பெரும்பாலும் விடும்போது இல்லை, விட்ட பிறகு இப்படித் திரும்பும்போதுதான். யாராவது இப்படிச் சாப்பிட்டுவிட்டு எழுப்பினாலும் எழாமல், குறட்டைபோல மூச்சு இழுத்து, உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனையாக இருந்தால் உடனே 999. தூங்கட்டும் என்று விடாதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒருமுறை ஊதுங்கள்.

இடுப்புக்கு மறுபடி டாக்டரிடம் போய் இயன்முறைச் சிகிச்சை கேளுங்கள். அந்த அட்டையை ஆஸ்பத்திரி மருந்தகக் கவுண்டரில் கொடுத்துவிடலாம், ‘மிச்ச மருந்து’ என்று சொன்னால் போதும், ஏன் மிஞ்சியது என்று யாரும் திட்டமாட்டார்கள். ஆற்றிலும் கொட்டவேண்டாம், பக்கத்து வீட்டுக்கும் தரவேண்டாம். போகும்வரை பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.