நர்ஸம்மாவுக்கு என்ன வாங்கித் தரலாம்? கேளுங்க, சொல்றேன்

வணக்கம்ங்க. ஏற்காடு மலையில விஎச்என்-ஆ, அதான் கிராம சுகாதார நர்ஸா வேலைக்கு சேர்ந்து, அப்புறம் கீழ சேலத்து பக்கம் வந்து, விஎச்என்களை மேற்பார்வை பாக்கற செக்டர் நர்ஸா ரிட்டையர் ஆனவ நான். பிரசவம் பாத்த நர்ஸுக்கு, வீட்டுக்கு வந்து பாத்துக்கிட்ட நர்ஸம்மாவுக்கு என்ன கொடுக்கறதுன்னு நிறைய பேர் தனித்தனியா கேக்கறீங்க, அதான் ஒரே இடத்துல சொல்லிடலாம்னு உக்காந்துட்டேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடி யாருக்கும் எதுவும் கொடுக்காதீங்க. சரி, கேளுங்க.

அம்மாபேட்டை கவிதா: அக்கா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சுகப்பிரசவம், பொண்ணு. நைட் டியூட்டி சிஸ்டர் விடிய விடிய பக்கத்துலயே நின்னாங்க. அவங்களுக்கு செவ்வாப்பேட்டைல ஒரு வெள்ளி கொலுசு எடுத்துக் கொடுக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றார், சரியா?

பதில்: வீட்டுக்காரர் மனசு பெரிய மனசு கண்ணு, ஆனா வேண்டாம். கவர்மெண்ட் ஊழியருக்கு நடத்தை விதின்னு ஒண்ணு இருக்கு, வெள்ளி தங்கம் எல்லாம் வாங்கினா நாளைக்கு யாராச்சும் ஒரு மொட்டைக் கடுதாசி போட்டா பதில் சொல்ல வேண்டியது அந்த சிஸ்டர்தான், நீங்க இல்ல. அந்தக் கொலுசை உங்க பொண்ணு காலுக்கே போடுங்க.

சிஸ்டருக்கு நீங்க கொடுக்கக் கூடியதுலயே பெருசு ஒரு லெட்டர்தான். சிரிக்காதீங்க. ஒரு நர்ஸோட சர்வீஸ்ல மெமோ வரும், விளக்கம் கேட்டு ஓலை வரும், மேல இருந்து போன்ல திட்டு வரும், நல்லபடியா ஒருத்தர் எழுதி அது ஆபீஸ்ல பதிவாகறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அதனால எழுதுங்க. பெரியாஸ்பத்திரின்னா டீனுக்கு எழுதி நர்சிங் சூப்பிரண்டெண்டுக்கு ஒரு காப்பி, பிஎச்சின்னா, அதாவது ஆரம்ப சுகாதார நிலையம்னா, வட்டார மருத்துவ அலுவலருக்கு, விஎச்என்னா வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும். "நல்லா பாத்துக்கிட்டாங்க"ன்னு மட்டும் எழுதினா அது கல்யாணப் பத்திரிகை மாதிரி, யாரும் முழுசா படிக்க மாட்டாங்க. தேதி, நேரம், எந்த வார்டு, அவங்க என்ன பண்ணாங்கன்னு எழுதுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி தாங்காம கத்தினப்ப திட்டாம இடுப்பை தேச்சு விட்டாங்க, குழந்தை பொறந்த உடனே நெஞ்சு மேல போட்டு அரை மணி நேரத்துல தாய்ப்பால் குடிக்க வெச்சாங்க, ரத்தம் அதிகமா போறதைப் பாத்துட்டு உடனே டாக்டரைக் கூப்பிட்டாங்க, இப்படி. தமிழ்லயே எழுதுங்க, ஒரு பக்கம் போதும். கொண்டு போய் கொடுத்துட்டு இன்னொரு காப்பில சீல் வாங்கி அதை சிஸ்டர் கைல கொடுங்க. 1973-லருந்து ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பேர்ல தேசிய விருதே இருக்கு, ஏஎன்எம்முக்கும், அதான் துணை நர்ஸுக்கும் கூட தர்றாங்க. அந்த மாதிரி விருதுக்கு பேர் போகும்போது இவங்க நல்லா வேலை செஞ்சாங்கன்னு காட்ட பேப்பர்ல ஏதாவது இருக்கணுமில்ல.

ஓமலூர் அப்பா: எவ்ளோ ரூபாய்க்கு வாங்கலாம்?

பதில்: கவர்மெண்ட் ஆஸ்பத்திரின்னா ரூபாயைப் பத்தியே யோசிக்காதீங்க. ஒரு வேளை டீயோட சாப்பிடற அளவுக்கு பலகாரம், லெட்டர். தனியார்னா அவங்க மேனேஜ்மெண்ட் வாங்க விடுதான்னு முதல்ல கேளுங்க.

நாகலூர் மருமக: எங்க தோட்டத்து காப்பிக்கொட்டை வறுத்து அரைச்சு எங்க ஊர் விஎச்என் அக்காவுக்கு கொடுக்கலாமா? மிளகும் இருக்கு.

பதில்: அம்மணி, மலை மேல வேலை பாக்கற நர்ஸுக்கு காப்பித்தூள் கொடுக்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். காப்பி பறிக்கற மார்கழி தை மாசத்துல வீட்டுக்கு வீடு பொட்டலம் கட்டிக் கொடுப்பாங்க, நான் அங்க இருந்தப்ப எங்க வீட்டு அலமாரியைத் திறந்தாலே காப்பி வாசம்தான், நானோ டீ குடிக்கற ஆளு. காப்பி கொடுக்கணும்னா கீழ சேலத்துல உங்களுக்கு பிரசவம் பாத்த ஸ்டாஃப் நர்ஸுங்களுக்கு கொண்டு போங்க, ஏற்காட்டுக் காப்பின்னா அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். மிளகு கொடுங்க, வருஷக்கணக்கா கெடாது.

விஎச்என்-க்கு நிஜமாவே உதவறது என்னன்னா, மலைல நடந்து போறவளுக்கு ஒரு நல்ல குடை, கம்பி பலமா இருக்கணும், பொம்மை போட்ட மடக்குக் குடை வாழவந்தி காத்துக்கு ஒரே நாள்ல தலைகீழா திரும்பிடும். இல்லாட்டி ஒரு டார்ச், ஒரு ஃப்ளாஸ்க். சமவெளில 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்னா மலைல 3,000 பேருக்கு ஒண்ணுன்னு கணக்கு. கேட்க கம்மியா இருக்கும், ஆனா அந்த 3,000 பேரும் எத்தனை மேடு பள்ளம் தாண்டி இருக்காங்கன்னு நடந்து பாத்தாத்தான் தெரியும்.

சூரமங்கலம் திவ்யா: சென்ட் பாட்டில், ஃபேன்சி வளையல் செட் ஓகேவா சிஸ்?

பதில்: லேபர் வார்டுல வளையல் மோதிரம் போட மாட்டாங்க, சென்ட்டும் அடிக்க மாட்டாங்க, பச்சைக் குழந்தை இருக்கற இடம். கைக்கு தடவற நல்ல க்ரீம் வாங்குங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவறாங்கன்னு எண்ணிப் பாத்தா புரியும்.

அஸ்தம்பட்டி ராம்: எங்களுக்கு ஒரு சிஸ்டர் இல்ல, மூணு ஷிஃப்ட்ல மாறி மாறி ஏழெட்டு பேர், ஆயாம்மா வேற. யாருக்கு கொடுக்கறது?

பதில்: எல்லாருக்கும் பொதுவா, வீட்டுக்குப் போன பிறகு ஒரு நாள் வந்து கொடுங்க. ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தா மத்தவங்க மூஞ்சி வாடிடும், வாங்கினவங்களுக்கும் சங்கடம். டியூட்டி மாறி ஹேண்டோவர் முடிஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு போனா ரெண்டு ஷிஃப்ட்டு ஆளுங்களும் இருப்பாங்க. தட்டுவடை செட் வேண்டாம், சட்னி வெச்ச உடனே சாப்பிடலைன்னா நமுத்துப் போயிடும், அங்க யாரு உடனே உக்காந்து சாப்பிட முடியும்? வெறும் தட்டுவடை, முறுக்கு, கடலை மிட்டாய் டப்பால போட்டுக் கொடுங்க, நேரம் கிடைக்கறப்ப எடுத்துக்குவாங்க. மாம்பழ சீசன்னா ஒரு கூடை மல்கோவா. பால் ஸ்வீட் வேண்டவே வேண்டாம். டப்பா மேல "ஆயாம்மா, கிளீனிங் அக்கா, வாட்ச்மேன் அண்ணன் எல்லாருக்கும்"னு எழுதிடுங்க, எழுதலைன்னா அவங்க கைக்குப் போகாது.

தாரமங்கலம் செந்தில்: நீங்க காசே கொடுக்கக் கூடாதுன்னு சொல்ற மாதிரி இருக்கு. பையன் பொறந்தான், சந்தோஷத்துல ஆயாவுக்கு ஆயிரம் கொடுத்தேன். எங்க பாட்டி காலத்துல மருத்துவச்சிக்கு நெல்லு, புடவை, காசு எல்லாம் தட்டுல வெச்சுத்தான கொடுத்தாங்க. அது மரியாதை, இது மட்டும் லஞ்சமா?

பதில்: தம்பி, அந்த மருத்துவச்சிக்கு சம்பளம் யாரு கொடுத்தா? அந்த நெல்லுதான் அவளோட கூலி. கூலி கொடுக்காம அனுப்பினாத்தான் தப்பு. இங்க இருக்கறவங்களுக்கு சம்பளம் வருது. அப்புறம் நீங்க எப்ப கொடுத்தீங்க? குழந்தையைக் காட்டறப்பவா, வீட்டுக்குப் போன பிறகா?

தாரமங்கலம் செந்தில்: குழந்தையைக் காட்டறப்ப. கேட்டாங்க, கொடுத்தேன். என் சந்தோஷம்ங்க.

பதில்: கேட்டாங்கன்னா அது உங்க சந்தோஷம் இல்ல, அவங்க ரேட்டு. பையனுக்கு ஒரு ரேட்டு, பொண்ணுக்கு ஒரு ரேட்டுன்னு சொல்ற இடம் இன்னும் இருக்கு, எனக்கும் தெரியும். நீங்க கொடுத்த ஆயிரத்தை பக்கத்துக் கட்டில்ல மாரமங்கலத்துல இருந்து இறங்கி வந்த பொண்ணு பாத்துட்டு இருப்பா. அவ மாமியா சுருக்குப் பைல பஸ்ஸுக்குத்தான் காசு இருக்கும். நாளைக்கு அவளை ஸ்ட்ரெச்சர்ல தள்ளறப்ப அதே கை நீளும். உங்களுக்கு சந்தோஷம், அவளுக்கு கடன்.

மெய்யனூர் லதா: அக்கா கோவிச்சுக்காதீங்க, நான் செந்தில் அண்ணன் பக்கம். அந்த கிளீனிங் அக்காவுங்க காண்ட்ராக்ட்ல வர்றாங்க, கைக்கு என்ன சம்பளம் கிடைக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ரத்தத்தையும் அழுக்கையும் அள்ளறவங்களுக்கு நூறு ரூபா கொடுத்தா ஊழலா? பெரிய பெரிய ஆளுங்களை விட்டுட்டு இவங்களை மட்டும் பிடிக்கறீங்க.

பதில்: லதா, நீ சொல்றதுல நியாயம் இருக்கு, சம்பளம் கம்மிதான், நான் மறுக்கல. அதுக்கு கேள்வி கேக்க வேண்டியது காண்ட்ராக்டரை, அவனுக்கு டெண்டர் கொடுத்தவங்களை. பிரசவ வலியில இருக்கறவ பர்ஸுல இருந்து அதை ஈடுகட்ட முடியாது. நீயா போய் வீட்டுக்கு வந்த பிறகு தீபாவளிக்கு அந்த அக்காவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடு, நான் ஏன் தடுக்கப் போறேன். என் வாதமெல்லாம் நேரத்தைப் பத்தித்தான். வேலை முடியறதுக்கு முன்னாடி கை மாறினா அது விலை.

தாரமங்கலம் செந்தில்: அப்ப கொடுத்த நானும் குற்றவாளியா? நல்லா இருக்கே கதை.

பதில்: கதை இல்ல தம்பி, சட்டம். 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல திருத்தினாங்க, அதுக்கப்புறம் கொடுக்கறவங்களுக்கும் தண்டனை உண்டு, ஏழு வருஷம் வரைக்கும். கட்டாயப்படுத்தி வாங்கினா ஏழு நாளுக்குள்ள புகார் கொடுத்துட்டா கொடுத்தவங்க மேல குற்றம் இல்ல. உங்களை உள்ள தள்ளணும்னு நான் சொல்லல. அடுத்த தடவை கேட்டா 104 சுகாதார உதவி எண்ணுக்கு போன் போடுங்க, இல்லாட்டி லஞ்ச ஒழிப்புத் துறை. பிரசவம், மருந்து, சாப்பாடு, வீட்டுக்கு விடற வண்டி எல்லாமே கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இலவசம், 2011-லருந்து அதுக்குன்னு மத்திய அரசு திட்டமே இருக்கு.

எடப்பாடி முருகன்: செந்தில் சொல்றது கரெக்ட், நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க, பென்ஷன் வருது, பேசுவீங்க.

பதில்: பென்ஷன் வருது, ஆமா. அதனாலதான் பயமில்லாம பேசறேன். இதோட இந்தப் பேச்சு போதும், கேள்விக்கு வாங்க.

வெள்ளக்கடை பேத்தி: எனக்கு ஆஸ்பத்திரிலதான் பிரசவம், ஆனா எங்க ஊர்ல ஒரு வயசான பாட்டி, எங்கம்மாவைப் பிரசவம் பாத்தவங்க, இப்ப தினமும் வந்து என் குழந்தையைக் குளிப்பாட்டிட்டுப் போறாங்க. காசு வேணாங்கறாங்க. என்ன செய்யறது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இவ்ளோ நேரம் உக்காந்திருக்கேன் போல. இந்தப் பாட்டிக்கு தாராளமா கொடுங்க. அவங்களுக்கு சம்பளம் கிடையாது, யாரும் கேள்வி கேக்கப் போறதில்ல. மலைக்குளிருக்கு கனமா ஒரு கம்பளி, மெத்துனு ஒரு பருத்திப் புடவை, பட்டு வேண்டாம், அவங்க கட்ட மாட்டாங்க, பெட்டில கிடக்கும். தட்டுல வெத்தலை பாக்கு, பழம், அதுக்கு அடியில காசு. கைல நீட்டினா வேணாங்கறவங்க தட்டோட கொடுத்தா வாங்கிக்குவாங்க, அது முறை. குழந்தையோட அப்பாவும் கூட நின்னு கொடுக்கட்டும், ரெண்டு பேரும் கால்ல விழுந்து கும்பிடுங்க. அவங்ககிட்ட எந்தெந்த வீட்டுல யார் யாரை எடுத்தாங்கன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க, அந்தக் காலத்துல ரோடு இல்லாத ஊருக்கு ராத்திரில பந்தம் புடிச்சுக்கிட்டு போனவங்க, எழுதறதுக்கு ஒரு ஆளும் வந்திருக்காது.

ஒண்ணே ஒண்ணு, அன்பா சொல்லிடுங்க, குழந்தை மூக்குல காதுல எண்ணெய் விடக் கூடாது, சளின்னு வாயால ஊதக் கூடாது, தொப்புள்ல சாம்பல் மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது, காஞ்சு தானா விழும். பாட்டி கோவிச்சாலும் பரவால்ல.

ஃபேர்லேண்ட்ஸ் ஆன்ட்டி: என் பொண்ணு லண்டன்ல இருக்கா, அங்க மிட்வைஃப்தான் பிரசவம் பாத்தாங்க. நான் இங்கருந்து ஒரு வெண்பட்டுப் புடவை கொண்டு போறேன்.

பதில்: புடவையைப் பொண்ணுக்கே கொடுங்கம்மா. அங்க நர்ஸ், மிட்வைஃபுக்கெல்லாம் ஒரு கவுன்சில் இருக்கு, ரொம்ப சின்னதைத் தவிர மத்த அன்பளிப்பை மறுக்கணும்னு அவங்க விதிலயே எழுதியிருக்கு. கைப்பட எழுதின ஒரு கார்டு, வார்டுக்கு பொதுவா ஒரு பிஸ்கட் டப்பா. அங்கயும் லெட்டருக்குத்தான் மதிப்பு.

கொண்டலாம்பட்டி சதீஷ்: டாக்டருக்கு என்ன கொடுக்கலாம்?

பதில்: அது என் சப்ஜெக்ட் இல்ல.

ஆத்தூர் ரேவதி: கவர்மெண்ட் தர்ற முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணம் இன்னும் வரல மேடம்.

பதில்: 18,000 மொத்தமா வராதுமா, தவணையாத்தான் வரும், அதுலயும் ஊட்டச்சத்து பெட்டகம் பொருளா வரும். கர்ப்பத்தைப் பதிவு பண்ணப்ப கொடுத்த பிக்மி நம்பரையும் பேங்க் பாஸ்புக்கையும் எடுத்துட்டு உங்க விஎச்என்னைப் பாருங்க. இங்க கிஃப்ட் மட்டும்தான்.

கன்னங்குறிச்சி விஜி: எவ்ளோ ரூபாய்க்கு கிஃப்ட் வாங்கலாம் மேடம்? ஐநூறு போதுமா?

பதில்: மேல ஓமலூர்க்காரருக்கு சொன்னதைப் படிங்க.

ஜாகீர் அம்மாபாளையம் பாபு: குழந்தையோட போட்டோல சிஸ்டரையும் வெச்சு ஃபிரேம் போட்டு வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைக்கலாம்னு.

பதில்: ஃபிரேம் நல்ல ஐடியா, சிஸ்டரைக் கேட்டுட்டு எடுங்க. வார்டுக்குள்ள எடுக்காதீங்க, பின்னாடி வேற பொம்பளைங்க பால் கொடுத்துட்டு இருப்பாங்க. ஸ்டேட்டஸ் வேண்டாம்.

சங்ககிரி மணி: வசதியா இருக்கோம், பெருசா செய்யணும்னு ஆசை.

பதில்: பிரசவம் பாத்த ஆஸ்பத்திரிக்கு செய்ங்க. நோயாளர் நலச் சங்கம்னு இருக்கும், அது மூலமா ரசீதோட. என்ன தேவைன்னு நர்சிங் சூப்பிரண்டெண்டைக் கேளுங்க, நீங்களா ஒரு சாமி படத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் வாங்கிட்டுப் போகாதீங்க. கூட வர்றவங்க உக்கார நாற்காலி, சுடுதண்ணி மெஷின், இந்த மாதிரி ஏதாவது சொல்வாங்க.

குகை சுமதி: நாளைக்கு ஆபரேஷன், முன்னாடியே சிஸ்டருக்கு ஏதாவது கொடுத்து வெச்சா நல்லா கவனிப்பாங்கன்னு மாமியார் சொல்றாங்க, என்ன கொடுக்கலாம்?

பதில்: முதல் பாராவைப் படிங்க சுமதி. மாமியாரையும் படிக்கச் சொல்லுங்க. நல்லபடியா பிரசவம் ஆகட்டும்.

ஏற்காடு அடிவாரம் ஜான்சி: எனக்கு பிரசவம் ஆகி ஒன்றரை மாசம் ஆகப் போகுது. லெட்டர் எழுதணும், ஆனா அந்த சிஸ்டர் பேரே தெரியல. மாஸ்க் போட்டிருந்தாங்க.

பதில்: பேர் வேண்டாம் ஜான்சி. டிஸ்சார்ஜ் சம்மரில குழந்தை பொறந்த தேதியும் நேரமும் இருக்கும், அதை எழுதி "அந்த நேரம் லேபர் வார்டு டியூட்டில இருந்த சிஸ்டர்"னு போடுங்க, டியூட்டி லிஸ்ட் பாத்து அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க. நேர்ல போக முடியலைன்னா தபால்ல அனுப்புங்க, ஆனா ஸ்பீட் போஸ்ட்ல. ஒன்றரை மாசம்னா குழந்தைக்கு தடுப்பூசி இருக்கே, வர்ற புதன்கிழமை மறக்காம தூக்கிட்டுப் போங்க, காய்ச்சல் வந்தா கொடுக்கற மருந்தையும் அங்கயே கேட்டு வாங்கிடுங்க.