புகழ்பெற்ற செஸ் வீரர்கள் அந்தப் புகழுக்குத் தகுதியானவர்கள்தானா?

கேள்வி: செஸ்ஸில் பெரிய பெயர் எடுத்தவர்கள் எல்லோரும் உண்மையிலேயே அந்தப் பெயருக்குத் தகுதியானவர்களா, இல்லை கதை கட்டி ஊதிப் பெரிதாக்கப்பட்டவர்களா?

மாதத்துக்கு ஒரு தடவையாவது மகளை ஏதாவது ஒரு செஸ் டோர்னமென்ட்டுக்குக் கூட்டிப் போகிறேன். பிள்ளைகள் ஹாலுக்குள் விளையாட, பெற்றோர்கள் நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். ஆட்டம் சீக்கிரம் முடிந்து வெளியே வருகிற பையன்கள்தான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. போன மாதம் அப்படி ஒருவன் வந்தான். பதின்மூன்று வயது இருக்கும், ரேட்டிங் என்னுடையதைவிட முந்நூறு கூட. பேச்சு பழைய சாம்பியன்கள் பக்கம் திரும்பியதும், "அங்கிள், டால் எல்லாம் ஓவர்ரேட்டட். அவரோட சாக்ரிஃபைஸ்ல பாதி தப்பு. என்ஜின்ல போட்டா ஒரு செகண்ட்ல தெரிஞ்சிடும்" என்றான்.

மிகைல் டால் பழைய உலக சாம்பியன். காயை வேண்டுமென்றே பலி கொடுத்துத் (அதுதான் சாக்ரிஃபைஸ்) தாக்குவதற்குப் பேர் போனவர். என்ஜின் என்றால் செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

சுருக்கமாகக் கேட்டால், ஆள் சரி, அடைமொழிதான் தப்பு என்பேன். செஸ்ஸில் உச்சியில் நின்ற யாருடைய திறமையும் பொய்யாக இருக்க வழியில்லை. 1858ல் ஆடிய ஆட்டத்தைக்கூட இன்றைக்குக் காய் காயாக நகர்த்திப் பார்க்கலாம். தாத்தா சொன்ன மல்யுத்தக் கதை மாதிரி யாரும் கூட்டிக் குறைக்க முடியாது. ஆனால் நாம் ஆட்டங்களை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொருவர் பெயருக்கும் முன்னால் ஒரு அடைமொழியை ஒட்டி, அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

டாலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். லாட்வியாவின் ரிகாக்காரர். 1960ல், 23 வயதில், அப்போதைய சாம்பியன் போத்வின்னிக்கை 12.5-8.5 என்று (வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரை) தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். அந்தப் போட்டியின் 6ஆவது ஆட்டத்தில் ஒரு குதிரையைத் தூக்கி எதிரி வாயில் வைத்தார். மாஸ்கோ புஷ்கின் அரங்கில் கூட்டம் போட்ட சத்தத்தில் பலகையை மேடையிலிருந்து உள்ளறைக்கே மாற்ற வேண்டியதாயிற்று. பிற்பாடு ஆராய்ந்தவர்கள், சரியாகப் பதில் சொல்லியிருந்தால் அந்தக் குதிரைப் பலி எடுபட்டிருக்காது என்று காட்டினார்கள். சரி, போத்வின்னிக் அந்தப் பதிலைக் கண்டுபிடித்தாரா? இல்லை. நாற்பது நகர்த்தலுக்கு இரண்டரை மணி நேரம், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரில் டால் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விடையைக் கண்டுபிடிக்க வேண்டியது மனுஷன். என்ஜின் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

பையன் தவறவிட்ட இன்னொரு பாதி உண்டு. "பைத்தியக்காரத்தனமாகக் காயைக் கொடுப்பவர்" என்ற அடைமொழியே டாலுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். 1972-73ல் தொடர்ந்து 86 ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார். அது முடிந்து சில மாதங்களில் மறுபடி ஆரம்பித்து 95 ஆட்டங்கள், 1974 வரை. அந்த 95ஐ டிங் லிரென் 2018ல் தாண்டும் வரை நாற்பது வருஷத்துக்கு மேல் உச்சி மட்டத்தில் யாரும் தொடவில்லை. சூதாடி ஒருவன் 95 ஆட்டம் தோற்காமல் இருக்க முடியுமா? சிறுநீரகக் கோளாறோடு மருத்துவமனைக்கும் டோர்னமென்ட்டுக்கும் அலைந்த மனுஷன் அவர். 1961 மறுபோட்டியில் போத்வின்னிக்கிடம் 13-8 என்று மோசமாகத் தோற்றதும் உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளில் டால் பைத்தியம் பிடித்து, ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாய் மேல் பிஷப்பைக் கொண்டுபோய்ப் போடாத ஆட்டமே கிடையாது எனக்கு. ஒரு மாவட்டப் போட்டியில் எதிரில் ஒரு பெரியவர், தபால் துறையில் வேலை. பிஷப்பை எடுத்து நிதானமாக ஓரத்தில் வைத்தார், ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார், டீயைக் குடித்தார். முப்பது நகர்த்தலில் கதை முடிந்தது. கை குலுக்கும்போது சொன்னார்: "தம்பி, டால் குடுத்தது தானம் இல்ல, கடன். வட்டியோட வசூல் பண்ணிடுவாரு. நீங்க தானம் பண்றீங்க."

எனக்கு அடைமொழி அநியாயம் என்று மிக அதிகமாகத் தோன்றுவது கார்ப்போவ் விஷயத்தில்தான். "காகிதச் சாம்பியன்", விளையாடாமலே பட்டம் வாங்கியவர் என்பார்கள். நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நடந்தது இது. 1975ல் உலக சாம்பியனாக இருந்த அமெரிக்கர் ஃபிஷர், சோவியத் யூனியனின் கார்ப்போவோடு மோதிப் பட்டத்தைக் காக்க வேண்டும். முதலில் பத்து ஆட்டம் வெல்பவருக்குப் பட்டம், டிராக்கள் கணக்கில் வராது, 9-9 என்று வந்தால் பட்டம் தன்னிடமே இருக்க வேண்டும் என்றெல்லாம் ஃபிஷர் நிபந்தனை போட்டார். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே பத்து வெற்றியை ஒப்புக்கொண்டது, 9-9ஐ ஒப்புக்கொள்ளவில்லை. ஃபிஷர் வரவில்லை. ஏப்ரலில் கார்ப்போவ் சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள்.

இதில் கார்ப்போவ் செய்த குற்றம் என்ன? நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அதற்கு முந்தைய வருஷம் கேண்டிடேட்ஸில் (சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் போட்டி) ஸ்பாஸ்கியை ஒரே ஒரு ஆட்டம் இழந்து நாலு வென்று வெளியேற்றியிருந்தார். 1972ல் ரெய்க்யாவிக்கில் ஃபிஷரிடம் பட்டத்தை இழந்தாரே, அதே ஸ்பாஸ்கி. பட்டம் சும்மா கிடைத்ததில் அவருக்கே உறுத்தல் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன். பட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் ஊர் ஊராகப் போய் விளையாடினார், டோர்னமென்ட்டுக்கு மேல் டோர்னமென்ட்டாக வென்றார்.

1978ல் பிலிப்பைன்ஸின் பாகியோவில், சோவியத் யூனியனை விட்டு ஓடிவந்த கோர்ச்னோயோடு பட்டத்துக்காக மோதியது தனிக் கதை. ஆட்டத்துக்கு நடுவில் கார்ப்போவுக்குத் தயிர் கொடுத்தார்கள் என்று ஒரு தகராறு, தயிரின் நிறத்தில் ரகசியச் செய்தி இருக்குமோ என்று! சோவியத் தரப்பில் ஒரு உளவியல் நிபுணர் முன் வரிசையில் உட்கார்ந்து கோர்ச்னோயை முறைத்துக்கொண்டே இருக்க, கோர்ச்னோய் கண்ணாடி மாதிரி மின்னும் குளிர்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கூத்து. ஆனால் பலகையில் நடந்ததைப் பாருங்கள்: ஆறு வெற்றி எடுப்பவருக்குப் பட்டம், கார்ப்போவ் 5-2 முன்னிலை, அங்கிருந்து கோர்ச்னோய் நாலு ஆட்டத்தில் மூன்றை வென்று 5-5. மொத்த உழைப்பும் கைநழுவிப் போகிற நேரம். 32ஆவது ஆட்டத்தில் கார்ப்போவ் வென்றார். காகிதத்தில் செய்த ஆள் அந்த இடத்தில் கிழிந்திருப்பான்.

ஒன்றை மட்டும் நான் மன்னிப்பதில்லை. இருவரும் மறுபடி மோதிய 1981 மெரானோ போட்டி நேரத்தில், கோர்ச்னோயின் மகனை சோவியத் யூனியனில் உழைப்பு முகாமில் வைத்திருந்தார்கள். கார்ப்போவுக்குப் பின்னால் ஒரு முழு அரசாங்கம் நின்றது. அந்தப் போட்டியின் 6-2ஐ நான் பெருமையாகச் சொல்வதில்லை.

அப்புறம் காஸ்பரோவ் வந்தார், எல்லோரும் கார்ப்போவை மறந்தார்கள். உலக சாம்பியன் பட்டத்துக்காக இவர்கள் இருவரும் ஐந்து போட்டிகளில் 144 ஆட்டங்கள் ஆடினார்கள். 104 டிரா. காஸ்பரோவ் 21, கார்ப்போவ் 19. இரண்டே ஆட்டம் வித்தியாசம்! 1987ல் செவில்லில் கடைசி ஆட்டத்தை டிரா செய்திருந்தால் பட்டம் மறுபடி கார்ப்போவிடம் வந்திருக்கும். 1994ல், 42 வயதில், லினாரெஸ் டோர்னமென்ட்டில் 13க்கு 11 புள்ளி, ஒரு தோல்வியும் இல்லை. காஸ்பரோவ் இரண்டரைப் புள்ளி பின்னால். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னதான் செய்து காட்ட வேண்டும்?

இப்போது ஃபிஷர். 1971ல் டைமனோவை 6-0, லார்சனை 6-0, பெட்ரோசியானை 6.5-2.5. கிராண்ட்மாஸ்டர்களை 6-0 என்று துடைப்பது அதற்கு முன் கேள்விப்படாத ஒன்று. 1972ல் ஸ்பாஸ்கியோடு முதல் ஆட்டத்தைத் தோற்று, இரண்டாவதற்கு வராமலே இழந்து, அப்படியும் 12.5-8.5 என்று வென்றார். அந்த ஜூலையில் அவர் ரேட்டிங் 2785, அடுத்த இடத்தில் இருந்த ஸ்பாஸ்கிக்கு 2660. இந்தப் புகழில் கை வைக்க யாராலும் முடியாது, நானும் வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருபது வருஷம் அவர் பொதுவில் ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை. "ஆடியிருந்தால் கார்ப்போவை ஊதித் தள்ளியிருப்பார்" என்று சொல்லும்போது, ஆடாத ஆட்டத்துக்கும் சேர்த்து மதிப்பெண் போடுகிறோம். 1975ல் காலியாக இருந்த அந்த ஒரு நாற்காலி ஒருவரைத் தெய்வமாக்கியது, எதிரில் உட்கார்ந்திருந்தவரைக் காகிதமாக்கியது. எனக்கு இது எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

இன்னொரு பழைய உலக சாம்பியன் பெட்ரோசியான் "சலிப்பூட்டுபவர்" என்பது வேறு வகை. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1962ல் குராசோவில் நடந்த கேண்டிடேட்ஸில் பெட்ரோசியான், கெரெஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் டிரா செய்துகொண்டார்கள், பெரும்பாலும் சீக்கிரமாகவே. போட்டியில் முதலிடம் பெட்ரோசியானுக்கு. இதைச் சலிப்பு என்றுகூடச் சொல்ல மாட்டேன், வேறு வார்த்தை இருக்கிறது. ஆனால் மதிப்பில் பெரிய யானையைக் கொடுத்துக் குதிரையையோ பிஷப்பையோ வாங்கிக்கொள்வது என்ற யோசனையை நம் ரத்தத்தில் ஏற்றியவர் அவர். 1953 ஜூரிக்கில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக, யாரும் மிரட்டாத யானையை எதிரியின் பிஷப் வெட்டுகிற கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். தாக்குவதற்காக இல்லை, தன் குதிரைக்கு ஒரு நல்ல இடம் வேண்டும் என்பதற்காக! 1966ல் ஸ்பாஸ்கிக்கு எதிரான 10ஆவது ஆட்டத்தில் ராணியையே எதிரி ராஜாவுக்குப் பக்கத்து மூலைக் கட்டத்தில் போய்ப் பலி கொடுத்து முடித்தார். நாடுகள் அணி அணியாக மோதும் ஒலிம்பியாடுகளில் 129 ஆட்டம் ஆடி ஒன்றே ஒன்றுதான் தோற்றிருக்கிறார், அதுவும் நேரம் தீர்ந்து. டாலுக்குத் தைரியசாலி என்று பெயர், இவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர்.

தகுதியைவிடக் குறைவான புகழ் கிடைத்தவர் என்றால் நான் மாக்ஸ் இயூவே பெயரைச் சொல்வேன். நெதர்லாந்தில் கணக்கு வாத்தியார். 1935ல் அப்போதைய உலக சாம்பியன் அலெகைனை வென்றதும் "அவர் குடித்திருந்தார்" என்று கதை கட்டிவிட்டார்கள். 30 ஆட்டம் முழுக்கவா? இயூவே இரண்டு வருஷத்தில் மறுபோட்டி கொடுத்தார், தோற்றார், வேலையைப் பார்க்கப் போனார். அலெகைனோ 1927ல் காபாபிளாங்காவிடமிருந்து பறித்த பட்டத்துக்குக் கடைசிவரை அவருக்கு மறுபோட்டி கொடுக்கவேயில்லை.

நம்ம ஊர்க்காரர் விஸ்வநாதன் ஆனந்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். (ஆனந்த் சின்ன வயதில் விளையாடிய சென்னை கிளப்பின் பெயர் டால் செஸ் கிளப், இது சும்மா ஒரு தகவல்.) "மின்னல் வேகம், ஆனால் நெஞ்சுரம் போதாது" என்று அவருக்கும் ஒரு அடைமொழி சுற்றியது. 2000ல் பட்டம் வென்றபோது அது நாக் அவுட், 2007ல் மெக்ஸிகோவில் வென்றபோது அது டோர்னமென்ட், நேருக்கு நேர் போட்டி இல்லை என்றார்கள். 2008ல் பான் நகரில் கிராம்னிக்கோடு நேருக்கு நேர். கிராம்னிக் வெள்ளையில் (முதல் நகர்த்தல் அவருக்கு) ஆடினால் அவரைத் தொடுவதே கஷ்டம் என்ற காலம் அது. ஆனந்த் 3ஆவது, 5ஆவது ஆட்டங்களைக் கறுப்பில் வென்றார், அதுவும் கத்தி முனையில் நடக்கிற மாதிரியான நிலைகளில். 6.5-4.5. 2013ல் சென்னையில் கார்ல்சனிடம் தோற்றபோது ஓய்வு பெறச் சொன்ன அதே ஆட்கள் வாயடைக்க, அடுத்த வருஷமே கேண்டிடேட்ஸை வென்று வந்தார்.

குகேஷ்? 2024ல் சிங்கப்பூரில் டிங் லிரென் கடைசி ஆட்டத்தில் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்ததால் பட்டம் "பரிசாக" கிடைத்தது என்கிறார்கள். ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல், எல்லோரும் டிரா என்று எழுதி வைத்துவிட்ட நிலை, அதை விடாமல் இழுத்துக்கொண்டே போனவர் யார்? சோர்ந்தவன்தான் தப்பு செய்வான், சோர வைத்தது எதிரில் இருந்தவர். அதே வருஷம் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் முதல் பலகையில் 10க்கு 9. உலகிலேயே பலமான ஆட்டக்காரர் அவர்தானா என்றால் இல்லை, கார்ல்சன் பட்டத்தைத் தானாக விட்டுவிட்டுப் போனவர். பட்டம் வென்ற பிறகு 2025ல் குகேஷின் ஆட்டம் ஏறி இறங்கித்தான் இருந்தது. பதினெட்டு வயதில் சாம்பியன் ஆனவருக்கு இப்போதே என்ன அடைமொழி ஒட்டுவது? கார்ப்போவுக்கு இருந்த மாதிரியே இவருக்கும் காலியான நாற்காலி ஒன்று பின்னால் நிற்கிறது. கார்ப்போவ் பத்து வருஷம் விளையாடி அதை நிரப்பினார்.

அந்தப் பையனிடம் இவ்வளவும் சொல்ல எங்கே நேரம்? நாலாவது ரவுண்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். டாலின் அந்த 6ஆவது ஆட்டத்தை என்ஜினை அணைத்துவிட்டு, போத்வின்னிக் பக்கம் உட்கார்ந்து, கடிகாரம் வைத்து ஒரு தடவை ஆடிப் பார் என்று மட்டும் சொன்னேன். "எத்தனை நிமிஷம் வைக்கட்டும் அங்கிள்?" என்றான். இரண்டரை மணி நேரம் என்றதும் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவிட்டான்.