ரெசின் மினியேச்சரில் வார்ப்புக் குறை இருந்தால் மாற்றிக் கேட்பதா, நாமே சரிசெய்வதா?

இங்கிலாந்திலிருந்து வரவழைத்த, ரெசினில் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) வார்த்த ஒரு சிறிய போர் விளையாட்டு உருவத்தில் குமிழி ஓட்டைகளும், வளைந்த ஈட்டியும், முகத்தின் குறுக்கே ஒரு கோடும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஓட்டையையும் ஈட்டியையும் நீங்களே சரிசெய்துவிடலாம். முகத்துக் கோடு எந்த வகை என்று பார்த்த பிறகே கத்தியைத் தொடுங்கள்.

குறை எவ்வளவு பெரியது என்பதைவிட அது எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். மேலங்கி மடிப்பில் மிளகளவு பள்ளம் இருந்தாலும் அடைத்துவிடலாம். மூக்கின் மேல் மயிரிழை அளவுக்கு ஒரு படி இறங்கியிருந்தால் அந்த முகம் போனது போனதுதான். நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். இங்கே நாங்கள் உருவங்களைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது அரிது. தபாலில் வந்த பெட்டியைப் பிரித்த பிறகுதான் குறை தெரியும். எதை மாற்றிக் கேட்கலாம் என்று தெரியாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்து நடுவில் மட்டும் மேடு தட்டினால் அது வெறும் அச்சுக் கோடு. சிலிகான் அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் அது வரத்தான் செய்யும். கத்தியின் முதுகால் சுரண்டினால் போய்விடும். ஓரங்களில் மெல்லிய தாள்போல் நிற்கும் பிசிறும் அப்படித்தான், குறையென்றே எண்ண வேண்டாம். ஆனால் ஒரு பக்கம் தாழ்ந்து படிபோல் இறங்கினால், ஊற்றும்போது அச்சுப் பாதிகள் நகர்ந்திருக்கின்றன. பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஒரு பையன் கொண்டுவந்த குதிரை வீரன் அப்படிப்பட்டவன். தலைக்கவசத்தில் பார்ப்பதற்கு விட்ட நீளத் துளை இடது பாதியில் ஒரு மட்டத்திலும், வலது பாதியில் அதற்குக் கீழேயும் நின்றது. “அண்ணே, உரசினால் போய்விடாதா?” என்று கேட்டான். “உரசினால் கோடு போகும் தம்பி, கண் நேராகாது” என்றேன். படத்தைப் பார்த்ததும் விற்றவர் தலையை மட்டும் புதிதாக அனுப்பிவைத்தார். இதே படி தொடையிலோ முதுகிலோ இருந்திருந்தால் அரத்தால் இழைத்துவிடச் சொல்லியிருப்பேன்.

இனி ஓட்டைகள். பாலியூரித்தேன் ரெசின் என்பது இரண்டு திரவங்கள். கலந்த சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும். கலக்கும்போது புகுந்த காற்று வெளியேற அவகாசம் கிடைக்காது. தேர்ந்த வார்ப்பாளர் அச்சை அழுத்தக் கலனுக்குள் வைத்து, ரெசின் இறுகும்வரை காற்றழுத்தம் கொடுப்பார். குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். அது செய்யாத வார்ப்பில் விரல் நுனி, தாடி, அங்கியின் அடிவிளிம்பு என்று காற்று ஒதுங்கி மாட்டிக்கொள்ளும் மூலைகளிலெல்லாம் ஓட்டை இருக்கும். சிறிய பட்டறைக்காரர்களுக்கு மட்டும் நேர்வதில்லை இது. 2011இல் கேம்ஸ் வொர்க்ஷாப் என்ற பெரிய இங்கிலாந்து நிறுவனம் தன் உலோக உருவங்கள் பலவற்றுக்குப் பதிலாக ஃபைன்காஸ்ட் என்ற ரெசின் உருவங்களை இறக்கியபோது, இந்தக் குமிழிகளைப் பற்றித்தான் ஊர் உலகமெல்லாம் புகார் எழுந்தது. நம் நாட்டில் வீட்டிலேயே வார்க்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த இரு திரவங்களில் ஒன்றான ஐசோசயனேட்டுக்கு ஈரம் ஆகாது. நீர்ப்பசை பட்டால் கரியமில வாயு கிளம்பும். நம் ஈரக் காற்றில் டப்பாவைத் திறந்து போட்டுவிட்டு வார்த்தால் உருவம் உள்ளே நுரைத்துப் போகும்.

வெளியே தெரியும் ஓட்டையைவிட, மெல்லிய தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் குமிழிதான் பொல்லாதது. தோள், முட்டி, அங்கி விளிம்பு ஆகியவற்றை ஊசி முனையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்வாங்கினால் அப்போதே உடைத்துவிடுங்கள். வண்ணம் பூசி முடித்த பிறகு உடைந்தால் வேதனை அதிகம். ஊசித் துளைக்கு ஒரு சொட்டு சூப்பர் க்ளூ போதும், காய்ந்ததும் அரம் போடலாம். பெரிய பள்ளத்துக்கு நீலமும் மஞ்சளுமாக வரும் எபாக்சி புட்டி என்ற அடைப்புக் களிமத்தைப் பச்சை நிறம் வரும்வரை பிசைந்து அழுத்துங்கள். அது இறுகுவதற்குள், ஈரம் தொட்ட ஊசியால் துணி மடிப்பையோ முடியிழையையோ தொடர்ந்து இழுத்துவிட வேண்டும். இந்த வேலையில் அவசரப்படவே கூடாது.

ஈட்டி எளிது. சுடுநீரில் சற்று அமிழ்த்தினால் குழையும். நிமிர்த்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் விடுங்கள். ஆனால் தகரக் கூரை வீட்டின் நண்பகல் வெக்கையில் மெல்லிய ஈட்டி மறுபடியும் வளைவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் தண்டை வெட்டிவிட்டுப் பித்தளைக் கம்பி வைத்துவிடுவேன். ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூதான். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை ரெசினில் பிடிக்காது.

எதுவும் செய்ய முடியாத குறை ஒன்று இருக்கிறது: இறுகாத ரெசின். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்தால் அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசை போய்விடும். கழுவிக் காய்ந்த பிறகும் பிசுபிசுத்தால், நகம் பட்டுத் தடம் விழுந்தால், இரு திரவங்களின் அளவு தவறியிருக்கிறது. கித்தாப் பாலில் (ரப்பர்ப் பாலில்) அமிலம் குறைந்தால் கட்டியாகாமல் நிற்குமே, அதுபோல. அதன்மேல் எந்த வண்ணமும் நிலைக்காது. தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

அரம் போடும்போது உருவத்தையும் உப்புத்தாளையும் நனைத்துக்கொண்டு, முகக்கவரியும் அணியுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளைகள் இருக்கும் அறையில் இந்த வேலையே வேண்டாம்.

விற்றவருக்கு எழுதுவதாக இருந்தால், கத்தி படுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் படியின் நிழல் தெளிவாக விழும். ஒரு பத்து சென் நாணயத்தை அருகில் வைத்தால் அளவும் புரியும். எந்த உறுப்பு என்று குறிப்பிட்டு அதை மட்டும் கேளுங்கள். முழு உருவத்தையும் கேட்பதைவிட ஒரு தலையைக் கேட்டால் வார்ப்பாளர்கள் சீக்கிரம் இசைவார்கள்.